நீர்க்கரையில் ஒரு மனை: முன்பணம் கொடுக்கும் முன்...

சொந்தமாக ஒரு வீடு வேண்டுமென்று இறைவனிடம் கையேந்தாத குடும்பம் நம்மிடையே அரிது. வாடகை வீட்டின் குறுகிய கூடத்தில் மகளைப் பெண் பார்க்க வருவோரை அமரவைக்கும் தாயின் மனத்தில் அந்த ஏக்கம் இருக்கிறது. பாலைவனத்து வெயிலில் உழைத்து மாதந்தோறும் பணம் அனுப்பும் மகனின் மனத்திலும் அதே ஏக்கம்தான். ஓர் ஆணின் இருபது ஆண்டு உழைப்பும், ஒரு பெண்ணின் நகையும், பிள்ளைகளின் படிப்புக்கென ஒதுக்கிய சேமிப்பும் ஒன்றுசேர்ந்தே ஒரு மனையாக மாறுகின்றன. அந்த மனையைத் தேர்ந்தெடுப்பதில் நேரும் பிழையைத் திருத்திக்கொள்ள இன்னோர் இருபது ஆண்டுகள் நமக்குத் தரப்படுவதில்லை.

கோவை மாநகரில் இன்று ஒரு புதிய ஆசை பரவிவருகிறது. ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தின்கீழ் உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சிக்குளம் முதலியவற்றின் கரைகள் சீரமைக்கப்பட்டு, நடைபாதைகளும் விளக்குகளும் அமைக்கப்பட்டுள்ளன. அஸர் தொழுகைக்குப் பின் கோட்டைமேடு, கரும்புக்கடை, ஆத்துப்பாலம் பகுதிகளிலிருந்து குடும்பங்கள் அங்கே உலாவச் செல்கின்றன. நீர்ப்பரப்பின்மீது வீசிவரும் காற்று முகத்தில் படும்போது, 'இப்படியொரு இடத்தில் நமக்கும் ஒரு வீடு அமைந்தால்...' என்று எண்ணாதவர் யார்? அந்த எண்ணத்தை அறிந்தே மனை வணிகர்களும் 'லேக் வியூ', 'ரிவர் சைடு' என்று பெயர்ப்பலகை நடுகின்றனர்.

ஆசை தவறன்று. ஆயினும் நீர்க்கரை மனை ஏனைய மனைகளைப் போன்றதன்று. அதற்குப் பக்கத்து நிலத்துக்காரர் ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் தண்ணீர். அவருடைய எல்லையை அறியாமல் கிரயம் செய்தவர்கள் பட்ட துன்பத்தையும், அதனைத் தவிர்க்கும் வழியையும் இல்லத்தரசிகள் உட்பட நம் குடும்பத்தார் அனைவரும் அறிந்திருப்பது நன்று.

மைத்துனர் கண்ட மனை

சில ஆண்டுகளுக்கு முன் என் தங்கையின் கணவர் குவைத்திலிருந்து விடுமுறையில் வந்திருந்தார். நகரின் தெற்கே ஒரு குளத்தை ஒட்டி ஐந்தரை சென்ட் மனை ஒன்றைத் தரகர் காட்டியிருந்தார். விலை சந்தை மதிப்பைவிடக் குறைவு. "மச்சான், பட்டா தெளிவாக இருக்கிறது. நாளைக்கே முன்பணம் கொடுத்துவிட்டால் வேறு யாரும் தட்டிக்கொண்டு போகமாட்டார்கள்" என்று அவர் பரபரத்தார். தங்கையின் நகைகள் விற்பதற்குத் தயாராக எடுத்து வைக்கப்பட்டிருந்தன.

நாங்கள் சென்றபோது குளம் வற்றிக் கிடந்தது. மனைக்கும் நீருக்கும் இடையே நெடுந்தொலைவு வெறும் புல்தரை. அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். அவர் சிரித்துவிட்டு, "ஏனுங்க, இங்கயா ஊடு கட்டப் போறீங்க? மழ நல்லாப் பேஞ்ச வருசத்துல நா இந்தப் பக்கம் ஆடு ஓட்டியாந்ததே இல்லீங்க. இந்த வேலமரத்து அடி வரைக்கும் தண்ணி நிக்குமுங்க" என்றார். அவர் காட்டிய மரம் மைத்துனரின் மனைக்கும் அப்பால் நின்றது.

வீடு திரும்பியதும் தங்கை ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "அண்ணே, குளம் நிறைஞ்சா தண்ணி எதுவரைக்கும் வரும்னு காகிதத்துல எங்கேயாவது எழுதியிருக்குமா?"

தரகரும், பட்டாவைப் பார்த்த மைத்துனரும், படித்தவன் என்று பெயரெடுத்த நானும் கேட்காத கேள்வி அது. அக்கேள்விக்கு விடை தேடியபோது நாங்கள் கற்றுக்கொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

நொய்யலும் குளங்களும்

முதலில் கோவையின் குளங்கள் எப்படி அமைந்தவை என்பதை அறிய வேண்டும். அவை தாமாகத் தோன்றிய பள்ளங்கள் அல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையின் வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் தோன்றும் நொய்யல் ஆறு கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் வழியே ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியுடன் கலக்கிறது. அந்த ஆற்றின் குறுக்கே சித்திரைச்சாவடி தொடங்கி அடுத்தடுத்து அணைக்கட்டுகளை எழுப்பி, அங்கிருந்து வாய்க்கால் வழியாக நீரைத் திருப்பிக் குளங்களை நிரப்பும் ஏற்பாட்டைக் கொங்கு நாட்டு முன்னோர் செய்துவைத்தனர். ஒரு குளம் நிறைந்தால் மிகுநீர் அடுத்த குளத்திற்கோ ஆற்றுக்கோ செல்லும். குறிச்சி அணைக்கட்டிலிருந்து குறிச்சிக்குளத்திற்கு நீர் வருவதும், உக்கடம் பெரியகுளத்தின் உபரிநீர் வாலாங்குளம் நோக்கிச் செல்வதும் இந்த ஏற்பாட்டின் பகுதிகளே.

குளம் என்பது நீர் நிற்கும் பரப்பு மட்டுமன்று என்பது இதிலிருந்து விளங்கும். நீர் வரும் வாய்க்கால், நீரைத் தாங்கும் கரை, நீரை அளந்துவிடும் மதகு, மிகுநீரை வெளியேற்றும் கலிங்கு, அந்நீர் செல்லும் ஓடை ஆகிய அனைத்தும் சேர்ந்ததே குளம். இவற்றில் ஏதேனும் ஒன்றின்மீது வீடு அமைந்தாலும் அது குளத்தின்மீது அமைந்த வீடுதான்.

மற்றொன்றும் கருதத்தக்கது. கோவை நகரம் மலைகளின் மழை மறைவில் உள்ளது. இங்கு பெய்யும் மழை மிதமானது. ஆனால் நொய்யலுக்கு நீர் தருவது மேற்கு மலைகளில் பெய்யும் தென்மேற்குப் பருவமழை. நகரில் ஒரு தூறலும் இல்லாத நாளிலும் ஆற்றில் வெள்ளம் புரண்டுவரக் கூடும். 'இங்கே எங்கே மழை பெய்கிறது?' என்று கேட்டுக் கரையோரத்தில் மனை வாங்குவோர், மழை பெய்யும் இடம் வேறு, நீர் வந்து சேரும் இடம் வேறு என்பதை மறந்துவிடுகின்றனர்.

வற்றிய குளத்தின் மயக்கம்

ஏரி, குளங்களுக்கு இரு பக்கங்கள் உண்டு. உயர்ந்த மண்கரை இருப்பது ஒரு பக்கம். அதற்கு எதிர்ப்புறம், நீர் மெல்ல மெல்ல ஆழம் குறைந்து நிலத்தோடு கலக்கும் பக்கம். அதனை 'உள்வாய்' என்பர். உள்வாயில் கரை இல்லை, வேலி இல்லை. குளம் எங்கே முடிகிறது என்பதற்குக் கண்ணுக்குத் தெரியும் அடையாளமும் இல்லை. நீர்மட்டம் ஓரடி உயர்ந்தால், சமதளமான அவ்விடத்தில் நீர் நெடுந்தொலைவு பரவிவிடும்.

2016-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்ததும், 2017-இல் தமிழகம் முழுவதும் கடும் வறட்சி நிலவியதும் நினைவிருக்கலாம். அத்தகைய ஆண்டுகளில் உள்வாய் நிலம் வெறும் பொட்டலாகக் காட்சியளிக்கிறது. கல் நட்டு, செம்மண் கொட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டால் அது மனையாகிவிடுகிறது. விற்றவர் பணத்துடன் சென்றுவிட்ட பின்னர், மழை பெய்யும் ஆண்டில் நீர் தன் இடத்திற்குத் திரும்பி வருகிறது.

2015 டிசம்பரில் சென்னையும் அதன் புறநகர்களும் மூழ்கியபோது நாடே கண்டது இதைத்தான். அடையாற்றின் கரையோரங்களிலும், ஏரிகளை ஒட்டிய முடிச்சூர், வேளச்சேரி போன்ற பகுதிகளிலும் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. நம் இளைஞர்கள் பள்ளிவாசல்களில் உணவு சமைத்துப் படகுகளில் கொண்டுசென்று எல்லாச் சமயத்தாருக்கும் வழங்கிய நாட்கள் அவை.

நம் ஊரிலும் சான்று உண்டு. சங்கனூர்ப் பள்ளம் நகரின் குறுக்கே ஓடும் பெரிய ஓடை. 2025 ஜனவரியில் அதன் கரையில் பணிகள் நடந்துகொண்டிருந்தபோது, ஓடையோரத்து மாடி வீடு ஒன்று சரிந்து விழுந்த காட்சியைப் பலரும் கண்டிருப்பீர்கள். வீட்டார் முன்னரே வெளியேறியிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் ஒரு குடும்பத்தின் வாழ்நாள் உழைப்பு சில நொடிகளில் மண்மேடாயிற்று.

'பட்டா இருக்கிறதே!'

மனை வாங்குவோர் பெரும்பாலும் சொல்லும் ஆறுதல் வார்த்தை இது. பட்டா இன்றியமையாத ஆவணம்தான். ஆனால் அது மட்டுமே போதாது. வீட்டுவரி ரசீதும் மின் இணைப்பும் உரிமைக்குச் சான்றாகா என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். கோவையில் வாலாங்குளம், முத்தண்ணன் குளம் முதலியவற்றின் கரைகளில் பல்லாண்டுகளாகக் குடியிருந்த ஏழைக் குடும்பங்கள் அகற்றப்பட்டு, நகருக்கு வெளியே கீரணத்தம், மலுமிச்சம்பட்டி போன்ற இடங்களின் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டன. அவர்களிலும் வரி கட்டியவர்கள் உண்டு. மின் கட்டணம் செலுத்தியவர்கள் உண்டு. யாரோ ஒருவருக்கு விலை கொடுத்து அந்த இடத்தைப் 'பெற்றவர்களும்' உண்டு. பிள்ளைகளின் பள்ளியும், ஆண்களின் வேலையும், பெண்கள் செய்துவந்த வீட்டுப்பணியும் ஒரே நாளில் தொலைவாகிப் போயின.

ஆகவே முன்பணம் கொடுக்கும் முன் பின்வருவனவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட வேண்டும்.

1. கிராம வரைபடம்: மனையின் சர்வே எண் எது, அதைச் சுற்றியுள்ள சர்வே எண்கள் எவை என்று பாருங்கள். குளம், வாய்க்கால், ஓடை, வண்டிப்பாதை ஆகியவை இதில் குறிக்கப்பட்டிருக்கும். தரகர் தரும் வண்ண வரைபடத்தை இதற்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

2. 'அ' பதிவேடு: நிலத்தின் வகைப்பாடு இதில் இருக்கும். ஏரி, குளம், வாய்க்கால், ஓடை, ஆறு என்று எந்தப் பெயரில் இருந்தாலும் அது நீர்நிலைப் புறம்போக்கு. அதைத் தனியார் எவரும் விற்க உரிமையில்லை. தமிழகத்தில் 1979 முதல் 1987 வரை நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் நடந்தபோது பதிவேடுகள் புதுப்பிக்கப்பட்டன. அவ்வேளையில் நேர்ந்த பிழைகளால் தவறான பட்டாக்கள் உண்டான இடங்களும் உள்ளன. எனவே அதற்கு முந்தைய பழைய பதிவேட்டையும் கேட்டுப் பாருங்கள். பழைய பதிவேட்டில் குளம் என்றும் புதியதில் தனியார் நிலம் என்றும் இருந்தால், அந்த மனையை விட்டு விலகுவதே நலம்.

3. புலப்படமும் நில அளவையும்: புலப்படத்தில் உள்ள அளவுகளைக்கொண்டு அரசு நில அளவையரிடம் உரிய கட்டணம் செலுத்தி எல்லைக் கற்களைச் சரிபார்க்கலாம். கல் நட்டவர் விற்பவராகவே இருந்தால், அக்கல்லை நம்பிப் பயனில்லை.

4. முழு நீர்மட்டம்: என் தங்கை கேட்ட கேள்விக்கு விடை இங்கேதான் உள்ளது. குளம் நிறையும்போது நீர் எந்த மட்டம் வரை நிற்கும் என்பது குளத்தைப் பராமரிக்கும் துறையின் கணக்கில் இருக்கும். பெரிய குளங்களுக்கு நீர்வளத் துறையிடமும், சிறிய குளங்களுக்கு ஊராட்சி ஒன்றியத்திடமும், நகர்க் குளங்களுக்கு மாநகராட்சியிடமும் கேட்கலாம். வாய்மொழியாகக் கிடைக்காவிட்டால் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்படி எழுதிக் கேட்கலாம்.

5. வில்லங்கச் சான்றும் மூலப்பத்திரமும்: குறைந்தது முப்பது ஆண்டுகளுக்கு வில்லங்கம் பாருங்கள். விற்பவர் 'பவர்' பெற்றவராயின், அதைக் கொடுத்தவர் உயிருடன் உள்ளாரா, அது ரத்து செய்யப்பட்டதா என்று அறியுங்கள். பொது அதிகாரப் பத்திரத்தால் மட்டுமே நில உரிமை மாறிவிடாது என்று உச்சநீதிமன்றம் 2011-இல் தெளிவாகத் தீர்ப்பளித்துள்ளது.

6. மனைப்பிரிவு அங்கீகாரம்: அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யக் கூடாதென 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்தது. அதன்பின் 2017-இல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. எனினும் நீர்நிலைகளில் அமைந்த மனைகளுக்கு அதில் இடமில்லை. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய மனைப்பிரிவு எனில், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு பெற்றுள்ளதா என்றும் பார்க்க வேண்டும். நீர்நிலையை ஒட்டிக் கட்டுவதற்கு 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் தனிக் கட்டுப்பாடுகள் உள்ளமையால், இந்த மனையில் எவ்வளவு இடத்தில் கட்ட இயலும் என்பதை வாங்கும் முன்பே கேட்டறியுங்கள்.

7. அக்கம்பக்கத்தார்: ஆடு மேய்ப்பவர், தோட்டத்துக்காரர், பழைய மதகுக் காவலர் ஆகியோரிடம் பேசுங்கள். எந்த அலுவலகத்திலும் கிடைக்காத விவரம் அவர்களிடம் கிடைக்கும்.

மைத்துனரின் மனைக்கு நாங்கள் கிராம வரைபடத்தை எடுத்தபோது இரண்டு செய்திகள் தெரியவந்தன. மனை தனியார் பட்டா நிலந்தான். அதில் பொய் இல்லை. ஆனால் அதன் பெரும்பகுதி குளம் நிறையும்போது நீர் நிற்கும் பரப்புக்குள் இருந்தது. மனைக்குச் செல்லும் 20 அடிச் சாலை என்று காட்டப்பட்ட இடமோ, வரைபடத்தில் குளத்துக்கு நீர் கொண்டுவரும் வாய்க்காலாக இருந்தது! அந்த வாய்க்கால் ஒருநாள் மீட்கப்பட்டால் வீடு இருக்கும். வீட்டுக்குச் செல்ல வழி இருக்காது.

நீதிமன்றம் இரங்குமா?

'எப்படியோ கட்டிவிட்டால் இடிக்கவா போகிறார்கள்?' என்று துணிவோரும் உளர். அவர்கள் நம் அண்டை மாநிலத்தில் நடந்ததை அறிய வேண்டும். கொச்சியை அடுத்த மரடில், காயலின் கரையில், உள்ளாட்சியின் கட்டட அனுமதியுடன் நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன. கடலோர ஒழுங்குமுறை விதிகளை மீறியவை என்று கூறி, 2019 மே 8 அன்று உச்சநீதிமன்றம் அவற்றை இடிக்க ஆணையிட்டது. முந்நூறுக்கும் மேற்பட்ட குடும்பங்களின் வீடுகள் 2020 ஜனவரி 11, 12 ஆகிய நாட்களில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. வாங்கியவர்கள் முறையாகப் பத்திரம் பதிந்தவர்கள், வரி கட்டியவர்கள். இடைக்கால நிவாரணமாக உரிமையாளர்களுக்குத் தலா 25 லட்சம் ரூபாய் வழங்க நீதிமன்றம் ஆணையிட்டதேயன்றி, கட்டடங்களை விட்டுவைக்கவில்லை.

பஞ்சாபின் பாட்டியாலா மாவட்டக் கிராமம் ஒன்றின் குளத்தில் மண்ணை நிரப்பி வீடு கட்டியவர்களின் வழக்கில், 2011 ஜனவரியில் உச்சநீதிமன்றம் இன்னும் கடுமையாகக் கூறியது. பெரும் பணம் செலவிட்டுவிட்டார்கள் என்பதோ, நெடுங்காலம் குடியிருக்கிறார்கள் என்பதோ ஊர்ப் பொதுக்குளத்தை ஆக்கிரமித்ததற்கு நியாயமாகாது என்பதே அதன் சாரம். தமிழ்நாட்டிலும் ஏரி, குளங்களைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் 2007-இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டுள்ளது.

நம் குடும்பங்களுக்குரிய எச்சரிக்கைகள்

நம்மவரில் பலர் வட்டிக்கு அஞ்சி வங்கிக் கடனை நாடுவதில்லை. அது போற்றத்தக்க பேணுதல். ஆனால் அதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வங்கி கடன் கொடுக்குமுன் தன் வழக்கறிஞரைக்கொண்டு பத்திரங்களை ஆராய்கிறது. பொறியாளரை அனுப்பி இடத்தை மதிப்பிடுகிறது. கைப்பணத்தில் வாங்கும் நமக்கு அந்தச் சோதனை இயல்பாகக் கிடைப்பதில்லை. எனவே விற்பவருடன் தொடர்பில்லாத ஒரு வழக்கறிஞரிடம் நாமே கட்டணம் செலுத்தி எழுத்துமூலமாகக் கருத்துரை பெற வேண்டும். இலட்சங்களைக் கொடுத்து மனை வாங்குபவர், சில ஆயிரங்களை மிச்சப்படுத்த எண்ணி இதைத் தவிர்ப்பது சிக்கனமாகாது.

அடுத்தது வாரிசுரிமை. விற்பவர் முஸ்லிமாக இருந்து, நிலம் அவருடைய தந்தையிடமிருந்து வந்ததாயின், அதில் தாய்க்கும் சகோதரிகளுக்கும் உரிய பங்கு உண்டு. 'அக்கா தங்கைகளெல்லாம் ஒன்றும் சொல்லமாட்டார்கள்' என்ற பேச்சை ஏற்காதீர்கள். அனைவரும் பத்திரத்தில் கையொப்பமிட வேண்டும். இல்லையேல் ஒரு பெண்ணின் ஹக்கை அபகரிப்பதற்கு நாமும் துணைபோனவர்களாவோம். விற்பவர் இந்துச் சகோதரராயினும், தமிழகத்தில் 1989 முதலும் நாடு முழுவதும் 2005 முதலும் மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சட்டப்படி பங்கு உண்டு என்பதை மறவாதீர்கள். அவ்வாறே அந்த நிலம் வக்ஃபுக்கோ கோயிலுக்கோ உரியதா என்பதையும் தெளிவாகக் கேட்டறிய வேண்டும்.

மண்ணும் நீரும்

ஆவணங்கள் யாவும் சரியாக இருந்தாலும் மண்ணைப் பாராமல் வீடு கட்டலாகாது. கோவையின் பல பகுதிகளில் கரிசல் மண் உள்ளது. அது நீர் பட்டால் உப்பும். காய்ந்தால் சுருங்கிப் பிளக்கும். குளத்தருகே நீர்மட்டம் ஏறியிறங்கும்போதெல்லாம் இந்த உப்பலும் சுருக்கமும் நிகழ்வதால், சாதாரண அடித்தளம் தாங்காமல் சுவர் வெடிக்கும். கட்டட இடிபாடுகளைக் கொட்டி நிரப்பிய மனையாயின், வீடு ஒருபக்கமாக இறங்கிவிடும் அபாயமும் உண்டு. மண் பரிசோதனை செய்து, பொறியாளர் சொல்லும் அடித்தளத்தை அமைப்பதற்கு ஆகும் செலவையும் மனை விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். அப்போது 'மலிவு விலை' மலிவாக இராது.

குடிநீரும் அவ்வாறே. நொய்யலும் அதன் குளங்களும் நகரக் கழிவுநீரைத் தாங்குகின்றன. திருப்பூரின் சாயக்கழிவால் ஒரத்துப்பாளையம் அணையும் அதைச் சுற்றியுள்ள விளைநிலங்களும் கெட்டதையும், 2011-இல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டதையும் கொங்கு மக்கள் மறக்க இயலாது. ஆற்றங்கரை என்பதால் கிணற்று நீர் இனிக்கும் என்று எண்ணிவிடாமல், நீரை ஆய்வகத்தில் சோதித்துப் பாருங்கள். ஆகாயத்தாமரை மண்டிய குளம் என்றால் கொசுவும் துர்நாற்றமும் வீட்டாருடன் சேர்ந்தே குடியேறும். பகலில் ஒருமுறையும், மக்ரிபுக்குப் பின் ஒருமுறையும், நல்ல மழை பெய்த மறுநாள் ஒருமுறையும் அந்த இடத்தைச் சென்று பாருங்கள். பெண்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அந்த வீட்டில் நாள் முழுவதும் இருக்கப்போகிறவர்கள் பெரும்பாலும் அவர்களே.

மார்க்கம் வரைந்த எல்லை

அடுத்தவர் நிலத்தில் ஒரு சாண் அளவை அநியாயமாக எடுத்துக்கொள்வதும் மறுமையில் கழுத்தில் பெருஞ்சுமையாக மாட்டப்படும் என்ற நபி (ஸல்) அவர்களின் எச்சரிக்கையை நாம் மிம்பர்களில் கேட்டிருக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரரின் சாண் நிலத்திற்கே அந்நிலை என்றால், ஊர் முழுவதற்கும் உரிமையான குளத்தின் நிலத்தைப் பற்றி என்ன சொல்வது? தண்ணீரில் மக்கள் யாவரும் பங்காளிகள் என்பதும் நபிமொழி தந்த பாடமேயாகும்.

இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் இதில் மிக நுட்பமாகச் சென்றுள்ளனர். கிணறு, ஊற்று, ஆறு ஆகியவற்றைச் சுற்றி, அவை பயன்படுவதற்குத் தேவையான இடத்தை 'ஹரீம்' என்று வகுத்தனர். அந்த இடத்தைப் பிறர் எவரும் தமதாக்கிக்கொண்டு கட்டடம் எழுப்பவோ பயிரிடவோ கூடாது. நீர்நிலையின் ஓரத்தில் கட்டக் கூடாத இடம் என்று இன்றைய நகரமைப்பு விதிகள் வகுப்பதன் கருத்தை, பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஃபிக்ஹு நூல்கள் பேசியுள்ளன. எனவே குளத்தின் எல்லையை மதிப்பது அரசாங்கத்திற்கு அஞ்சிச் செய்யும் செயல் மட்டுமன்று. ஹலாலான வீட்டில் வாழ விரும்பும் ஒரு முஃமினின் கடமையுமாகும்.

தங்கை கட்டிய வீடு

மைத்துனர் அந்த மனையை வாங்கவில்லை. இரண்டு நாட்கள் முகம் வாடியிருந்தார். 'நல்ல இடத்தைக் கைவிட்டீர்களே' என்று தரகரும் வருந்தினார். அடுத்த விடுமுறையில், குளத்திலிருந்து சற்றுத் தொலைவில், மேட்டுப்பாங்கான பகுதியில், அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் மூன்றரை சென்ட் மட்டும் வாங்கினார். இடம் சிறிது, ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர்தான் தெரியும். ஆனால் பத்திரத்தில் தங்கையின் பெயரும் இருக்கிறது. மழை கொட்டும் இரவில் அவள் பிள்ளைகளுடன் அச்சமின்றி உறங்குகிறாள்.

பின்னர் ஒரு மழை ஆண்டில் நாங்கள் அந்தக் குளத்தைக் காணச் சென்றோம். முதியவர் காட்டிய வேலமரத்தின் அடியில் அலை தவழ்ந்துகொண்டிருந்தது. மனைக்கற்கள் எதையும் காணவில்லை. மைத்துனர் நெடுநேரம் ஒன்றும் பேசாமல் நின்றுவிட்டு, "அல்ஹம்துலில்லாஹ்" என்று மட்டும் சொன்னார்.

இப்போதும் மாலை வேளைகளில் அவர்கள் குடும்பத்தோடு குளக்கரைக்கு நடந்து செல்கின்றனர். கரையோரத்தில் வீடு வைத்திருப்பவர் அனுபவிக்கும் அதே காற்றையும் அதே காட்சியையும் கட்டணமின்றி அனுபவித்துவிட்டு, இஷாவுக்கு முன் வீடு திரும்புகின்றனர். குளக்கரையில் வீடு தேடுவதைவிடக் குளக்கரைக்கு நடந்து செல்லும் தொலைவில் வீடு தேடுவதே நம் போன்ற நடுத்தரக் குடும்பங்களுக்கு உகந்தது என்பது என் எண்ணம். அப்படியும் நீரருகே மனை கிடைத்து, மேற்சொன்ன சோதனைகள் அனைத்திலும் அது தேறினால், தாராளமாக வாங்குங்கள். ஆனால் அந்தச் சோதனைகளெல்லாம் முன்பணம் கொடுக்குமுன் நடக்கட்டும்.

விசாலமான வீடும் நல்ல அண்டை வீட்டாரும் மனிதனின் நற்பேறுகள் என்று நமக்குக் கற்பிக்கப்பட்டுள்ளது. தண்ணீரும் நம் அண்டை வீட்டாரே. அதன் எல்லைக்கு நாம் மதிப்பளித்து வாழ வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக!